பிசிறு

2022ஆம் ஆண்டு ஜூன் மாதம் 19ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. பாலக்காட்டுக் கணவாயின் வழியே வந்த சாரல், விடியற்காலை முதல் போத்தனூரின்மீது விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. காற்று மேற்கிலிருந்து வீசியது. வெயில் இல்லை.

முற்பகல் பத்து மணிக்கு நந்தகோபால், தம் நான்கு வயது மகளைத் தோளில் சுமந்துகொண்டு, மடிக்கணினியைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி எடுத்துக்கொண்டு, ரெஜினாவின் வீட்டு மாடிக்கு ஏறி வந்தார்.

வந்தவர் அமரவில்லை.

“டீச்சர், நான் வரைஞ்ச மலை ஏனுங்க மலையாட்டம் இல்லை?”

ரெஜினாவுக்கு அப்போது வயது முப்பது. நந்தகோபாலுக்கு நாற்பத்தொன்று. ஆயினும் ஆசிரியர் ரெஜினாவே.

பழைய டிவி கேம்களில் மலையும் மேகமும் சிறுசிறு சதுரப் புள்ளிகளால் ஆனவையாக இருக்கும். அத்தகைய பின்னணிகளை வரைவது ரெஜினாவின் தொழில். அதனைக் கற்க விரும்பியோர் ஞாயிறுதோறும் அவரிடம் வந்தனர். அவர் எதனையும் விளக்குவதில்லை. ஒரு புள்ளியை எடுப்பார்; அல்லது ஒரு புள்ளியை வைப்பார். பிறர் சொன்னது மறந்துபோகும், தானே கண்டது மறக்காது என்பது அவர் எண்ணம்.

வந்தவர்கள் அதனை ஞானம் என்று போற்றினர்.

“டீச்சர்னு கூப்பிடாதீங்கண்ணா. எதிர்வீட்டுக்காரங்க டியூசனுக்குப் புள்ளைங்கள அனுப்பி வெச்சிருவாங்க. உக்காருங்க. இந்த அம்மிணி யாரு?”

“என் பொண்ணுங்க. பேரச் சொல்லு கண்ணு.”

“லஞ்சனி.”

“லஞ்சமா? இந்த வயசுலயேவா? யாருகிட்ட வாங்குன?”

“லஞ்சம் இல்ல! லஞ்சனி!”

“ரஞ்சனிங்க,” என்றார் நந்தகோபால். “ரகரம் இன்னும் வரலைங்க. சின்ன ர-வுக்கும் ல-தான், பெரிய ற-வுக்கும் ல-தான். பழக்கிட்டு இருக்கேன்.”

“மலை எதுக்குங்கண்ணா?”

“இவ சொன்ன கதைங்க அது. பன்னண்டு பகுதியா, வீட்டுலயே கார்ட்டூன் பண்றனுங்க. பழைய கேம் மாதிரி, புள்ளி புள்ளியா.”

ரெஜினா குழந்தையின் பக்கம் திரும்பினார்.

“என்ன கதை அம்மிணி?”

“ஒலு லயிலு. அது ஒலு பொட்டிய மலந்துட்டுப் போயிலுச்சு.”

“அய்யோ. அப்புறம்?”

“அப்புலம் பொட்டி பின்னாலயே ஓடுது.” குழந்தை தந்தையின் தோளிலிருந்து இறங்கியது. இரு கைகளையும் வாயருகில் குவித்துக்கொண்டது. “லயில் மாமா, நில்லுங்க! என்னைய மலந்துட்டீங்க!”

மாடியில் இருந்த அந்தச் சிறிய அறையில், கைவிடப்பட்ட ஒரு ரயில் பெட்டி நின்றுகொண்டு கூப்பிடுவது போலவே இருந்தது.

“இன்னொருக்காச் சொல்லு.”

“லயில் மாமா, நில்லுங்க!”

“இன்னும் ஒருக்கா.”

மூன்றாம் முறையும் குழந்தை சொன்னது. ரெஜினா சிரிக்கவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தார்.

“பொட்டிக்கு யாருங்கண்ணா குரல்?”

“இவதானுங்க. வேற யாரு?”

“எடுத்தாச்சுங்களா?”

“மொதல்ல பின்னணி முடியட்டுங்க. அதுக்குள்ள ரகரமும் திருந்திரும். அப்புறம் பிசிறில்லாம ஒரே தடவைல எடுத்துருவேன்.”

நந்தகோபால், பம்பு தயாரிக்கும் ஆலை ஒன்றில் தர ஆய்வாளர். வார்ப்பில் வந்த இரும்பின் விளிம்பைக் கட்டைவிரலால் தடவிப் பார்ப்பார். விரலில் பிசிறு தட்டினால் அந்தத் துண்டு திரும்பிப் போகும். பதினெட்டு ஆண்டுகளில் பிசிறுள்ள ஒரு துண்டும் அவரைக் கடந்து வெளியே சென்றதில்லை.

அவருடைய மலையின் விளிம்பிலும் பிசிறு இல்லை. புள்ளிகளால் உண்டாகும் படிக்கட்டு போன்ற ஓரத்தை, இடைப்பட்ட நிறங்களைக் கொண்டு அவர் மெழுகிவிட்டிருந்தார். அறுபத்திரண்டு பச்சைகள் இருந்தன.

ரெஜினா புதிய திரை ஒன்றைத் திறந்தார். அதில் இரண்டு சரிவுகளை வரைந்தார். ஒன்றை நந்தகோபாலைப் போலவே மெழுகினார். மற்றதை மூன்றே பச்சைகளில், படிப்படியாக, பல் பல்லாக விட்டுவிட்டார்.

“இதுல எது மலை அம்மிணி?”

குழந்தை பல் பல்லாக இருந்ததைத் தொட்டது.

“இது. இதுல ஏலலாம்.”

“ஏறலாம்,” என்றார் நந்தகோபால். “ஏ-ற-லாம். எங்க, சொல்லு.”

“ஏ-ல-லாம்.”

ரெஜினா மலையைப் பார்த்தார். பின்னர் தந்தையைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். சொல்லவில்லை.

நந்தகோபால் கைகூப்பினார்.

“புரிஞ்சுதுங்க டீச்சர்.”

மலையைப் பற்றி அவருக்குப் புரிந்திருந்தது.

*

நவம்பரில் வந்தபோது அவர் ஒரு ரயில் நிலையத்தைக் கொண்டுவந்தார். பதினாறே நிறங்கள். ஓட்டுக்கூரை, சிமெண்டுப் பலகை, தண்ணீர்க் குழாய், ஒரு வேப்பமரம். குழாயின் அடியில் ஈரம் படர்ந்திருந்தது. அந்த ஈரத்துக்கென்று மட்டும் நான்கு நாள் உழைத்திருந்தார்.

“வேப்பெலை சரியா வரலைங்க. புளியெலையாட்டம் இருக்குது. என்ன பண்ணட்டும்?”

ரெஜினா இலையைப் பார்க்கவில்லை. நிலையத்தின் நடுவில், பதினாறு புள்ளி அகலத்தில் ஒரு வெள்ளைக் கட்டத்தை வைத்தார். ரயில் பெட்டி வந்து நிற்க வேண்டிய இடம் அது. பிறகு தம் வலக்கையைக் காதின் பின்புறம் குவித்துக்கொண்டு, திரையை நோக்கிச் சாய்ந்தார்.

நெடுநேரம் அப்படியே இருந்தார்.

நந்தகோபாலும் காது கொடுத்தார். தொலைவில் பாலக்காட்டு வண்டி கூவியது.

“அட ஆமாங்க!” என்று அவர் தொடையில் தட்டிக்கொண்டார். “எனக்குத் தோணவே இல்லை பாருங்க!”

ரெஜினாவின் முகம் மலர்ந்தது.

நந்தகோபால் வீட்டுக்குச் சென்றார். அந்த ரயில் நிலையத்துக்கு ஒரு கால அட்டவணைப் பலகையை வரைந்தார். பாலக்காட்டு வண்டியின் வரவும் புறப்பாடும் அதில் இருந்தன. ஒவ்வோர் எழுத்தும் ஏழு புள்ளி உயரம். மெய்யெழுத்தின் தலையில் வைக்க வேண்டிய புள்ளிக்கு இடம் போதாமையால், பலகை முழுவதையும் இரண்டு முறை அழித்து எழுதினார். ஆறு வாரம் ஆயிற்று.

அதைக் கண்டபோது ரெஜினா எழுந்தார். உள்ளறைக்குச் சென்று, தாம் பயன்படுத்தும் மைக்கை எடுத்துவந்து அவர் கையில் வைத்தார். விரல்களை மடக்கி மூடியும் விட்டார்.

இதைவிடத் தெளிவாக ஒருவர் எப்படிச் சொல்ல முடியும் என்று அவர் எண்ணினார்.

நந்தகோபாலின் கண்கள் கலங்கின. அந்த மைக்கைக் கொண்டு அவர் மழையைப் பதிவு செய்தார். தண்டவாளத்தைப் பதிவு செய்தார். காகங்களை, தண்ணீர்க் குழாயை, தேநீர்க் கடையின் ஸ்டவ்வைப் பதிவு செய்தார். பின்னணிக்கும் ஒரு பின்னணி வேண்டும் என்பதை டீச்சர் சொல்லாமலே உணர்த்திவிட்டார் என்று ஆலையில் சொல்லிப் பூரித்தார்.

வீட்டில் அவருடைய மனைவி தாமரைச்செல்வி மட்டும் நேராகவே சொன்னார்.

“காக்காய அடுத்த வருசங்கூடப் புடிச்சுக்கலாங்க. இவ பேசறத இப்பவே எடுத்து வெச்சுப்போடுங்க.”

“டீச்சர் அப்படிச் சொல்லலையே.”

“டீச்சரு என்னதான் சொன்னாங்க?”

“அவங்க சொல்ல மாட்டாங்க. நாமதான் புரிஞ்சுக்கணும்.”

“எனக்கே புரியுது. உங்களுக்குப் புரியலையாக்கும்?”

நந்தகோபால் மடிக்கணினியின் பக்கம் திரும்பினார். மனைவிக்குப் புள்ளி ஓவியம் தெரியாது.

*

பின்னணிகள் ஒன்றன்பின் ஒன்றாக முடிந்தன. பாலம். சுரங்கப்பாதை. மஞ்சள் தோட்டம். ஆள் இல்லாத லெவல் கிராசிங்.

மாலைதோறும் ரகரப் பயிற்சியும் நடந்தது. ரப்பர், ரம்பம், ரசம், ரயில். குழந்தை சரியாகச் சொல்லும் நாளில் நந்தகோபால் அதைப் போனில் பிடித்து வைத்தார். தவறாகச் சொல்லியவற்றை அழித்துவிட்டார். நல்ல துண்டுகளை மட்டும் வைத்துக்கொள்வது அவருடைய வழக்கம்.

ஒருநாள் ரஞ்சனி பள்ளியிலிருந்து ஓடிவந்தாள்.

“அப்பா! ரயில்! ரயில், ரயில், ரயில்!”

நந்தகோபால் அவளைத் தூக்கிச் சுற்றினார். தாமரைச்செல்வி சர்க்கரைப் பொங்கல் வைத்தார். அன்று வீட்டில் வருத்தப்பட்டவர் ஒருவரும் இல்லை. இதனையும் சொல்லிவிட வேண்டும்.

*

2024ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 10ஆம் நாள், சனிக்கிழமை பிற்பகல். பன்னிரண்டாவது பின்னணியில் கடைசிப் புள்ளியை வைத்து ஒரு வாரம் ஆகியிருந்தது.

நந்தகோபால் சன்னல்களில் போர்வைகளைத் தொங்கவிட்டார். மின்விசிறியை நிறுத்தினார். பிரிட்ஜையும் நிறுத்தினார். ரஞ்சனிக்கு இப்போது வயது ஆறரை. மைக்கின் முன்னே நாற்காலியில் நிமிர்ந்து அமர்ந்தாள். வசனத் தாள்களைத் தாயார் பிடித்துக்கொண்டார்.

பன்னிரண்டு பகுதிகளும் நாற்பது நிமிடங்களில் முடிந்தன. எந்த இடத்திலும் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ரகரம் ரகரமாக இருந்தது. றகரம் றகரமாக இருந்தது.

“ரயில் மாமா, நில்லுங்க! என்னை மறந்துட்டீங்க!”

நந்தகோபால் குரலைப் படத்துடன் சேர்த்து ஓட்டிப் பார்த்தார்.

மலை இருந்தது. வேப்பமரம் இருந்தது. ஈரம் இருந்தது. சிவப்பு நிறப் பெட்டி குலுங்கிக் குலுங்கி ஓடிவந்து, நிலையத்தில் நின்று, வாயைத் திறந்தது.

பாடம் ஒப்புவித்தது.

மறுபடியும் ஓட்டினார். ஒலியைக் கூட்டினார். குறைத்தார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

“கண்ணு, ஒரு தடவை பழைய மாதிரிச் சொல்லு பாக்கலாம்.”

“எந்த மாதிரிப்பா?”

“சின்னப்புள்ளைல சொல்லுவியே. லயில் மாமான்னு.”

“அது தப்புப்பா.”

“தப்புதான். சும்மா சொல்லு.”

ரஞ்சனி தாயாரைப் பார்த்தாள். தாயார் தாள்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“லயில் மாமா,” என்றாள் ரஞ்சனி, மூக்கைச் சுருக்கிக்கொண்டு. பச்சைக் குழந்தை ஒன்றைக் கேலி செய்யும் பெரிய பெண்ணின் குரல் அது. சொல்லிவிட்டு அவளே கூசினாள்.

“அப்படி இல்ல கண்ணு. நெசமா.”

“நெசமாத்தாம்ப்பா சொன்னேன்.”

“இல்ல, நீ அப்ப எப்படிச் சொன்னியோ...”

“நான் அப்படியெல்லாம் சொல்லவே மாட்டேன்!”

அவள் எழுந்து உள்ளே சென்றுவிட்டாள். நந்தகோபால் பிரிட்ஜை மீண்டும் ஓடவிட்டார்.

*

மறுநாள் முற்பகல், நந்தகோபால் தனியாக மாடிக்கு ஏறி வந்தார். மடிக்கணினியைத் திறந்து வைத்தார். ரெஜினா முதல் பகுதி முழுவதையும் பார்த்தார்.

“குரல் சரியா இருக்குதுங்க டீச்சர். பிசிறே இல்லை. ஆனா பொட்டி பேச மாட்டேங்குது.”

ரெஜினா தலையசைத்தார்.

“உங்க போன்ல ஏதாச்சும் இருக்குங்களா? மொத நாள் வந்தப்ப அவ மூணு தடவை சொன்னாளே.”

“இல்லீங்கண்ணா. கேட்டுட்டே இருந்துட்டேன். எடுக்கணும்னு தோணலை.”

“ஓ.”

“உங்க போன்ல?”

“தப்பாச் சொன்னதெல்லாம் அழிச்சுப்போட்டேனுங்க. ஒண்ணே ஒண்ணு இருக்குது. அவ அம்மா எடுத்தது. பொறந்தநாள் அன்னிக்கு, ‘அம்மா, எனக்குத்தான் கேக்கு’ங்கறா. அதுல ரகரமே இல்லீங்க.”

கீழே தெருவில் பால்காரர் ஒருவர் யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“டீச்சர், ஒண்ணு கேக்கட்டுங்களா?”

“கேளுங்க.”

“உங்களுக்கு அன்னிக்கே தெரியுமுங்களா?”

“தெரியுங்க.”

“ஏனுங்க சொல்லலை?”

“காதுல கைய வெச்சுக் காட்டினேன். மைக்கக் கொண்டாந்து கையில குடுத்தேன்.”

“வாயில சொல்லியிருக்கலாமேங்க.” அவர் கோபமாகச் சொல்லவில்லை. ஐயம் கேட்பவரைப் போலவே கேட்டார். “‘யோவ், புள்ளை பேசறத மொதல்ல எடுய்யா’ன்னு ஒரு வார்த்தை. நான் எடுத்திருப்பேனுங்க. நீங்க சொன்னா எதையும் செஞ்சிருப்பேன்.”

ரெஜினா திரையின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“டீச்சர் பேசாமயே சொல்லிக்குடுப்பாங்கன்னு நாலு பேரு வந்து சொல்றப்ப, கேக்க நல்லாத்தான் இருந்துச்சுங்கண்ணா.”

அதன்பின் அவர் தலை நிமிரவில்லை.

ஆசிரியர் தம் குற்றத்தை ஒப்புக்கொள்ளும்போது மாணவர் என்ன செய்ய வேண்டும் என்பது நந்தகோபாலுக்குத் தெரியவில்லை. அவர் பையை மடித்தார். பிறகு பிரித்தார். மறுபடியும் மடித்தார்.

“போச்சாது, விடுங்க. நீங்க மட்டுமா? அவ அம்மா தெளிவாத்தான் சொன்னா. நான்தான் தெளிவாச் சொன்னதக் காதுல வாங்கலை.”

“இப்ப என்ன பண்றதா இருக்கீங்க?”

“அதக் கேக்கத்தானுங்க வந்தேன்.”

ரெஜினாவின் கை பழக்கத்தால் மேசையின்மீது எதையோ தேடியது. ஒரு புள்ளியை, ஒரு பொருளை, ஒரு சாடையை. பின்னர் நின்றது. இரு கைகளையும் அவர் மடியில் வைத்துக்கொண்டார்.

வாயைத் திறந்து கேட்டார்.

“பாப்பா இப்ப எதைத் தப்பாப் பேசறா?”

“இப்பவா? இப்பத் தப்பே இல்லீங்க. நல்லாப் பேசறா.” நந்தகோபால் சற்றே சிந்தித்தார். “ஒண்ணு இருக்குது. அவளுக்கு எல்லா நாளும் நேத்துதான். போன தீபாவளியும் நேத்து. அவ பொறந்த நாளும் நேத்து. ‘நான் நேத்துப் பொறந்தப்ப நீங்க எங்கப்பா இருந்தீங்க’ங்கறா.”

அவர் முகத்தில் சிரிப்பு வந்தது. வந்தபடியே நின்றது.

“நீங்க என்ன சொன்னீங்க?”

“நேத்து வேற, போன வருசம் வேற, அப்படின்னு...” அவர் எழுந்துவிட்டார். “காலைல எழுதிக் குடுத்தேனுங்க. பத்துத் தடவை எழுதச் சொல்லிட்டு வந்திருக்கேன்.”

“எத்தனாவதுல இருப்பா?”

நந்தகோபால் வாசலுக்குப் பாய்ந்தார். மடிக்கணினியை மூடவும் இல்லை. திறந்த திரையில் மலையும் நிலையமும் இருந்தபடியே இருக்க, அவர் இரண்டிரண்டு படிகளாகத் தாவி இறங்கி ஓடுவது கேட்டது.

*

அவர் வீட்டை அடைந்தபோது ரஞ்சனி பத்து முறையும் எழுதி முடித்திருந்தாள். கையெழுத்து அழகாக இருந்தது. பிறகு அவள் நேற்று என்ற சொல்லைத் தவறாக வழங்கியதில்லை.

அந்தத் தொடர் வெளிவரவில்லை. பன்னிரண்டு பின்னணிகளும் நந்தகோபாலின் கணினியில் உள்ளன. அவற்றுள் இரண்டை ரெஜினா கேட்டுப் பெற்றுத் தம் மாணவர்களுக்குக் காட்டுகிறார். சிறந்த வேலை என்றே சொல்கிறார். வரைந்தவர் பெயரைச் சொல்வதில்லை.

ரெஜினா இப்போது கேட்ட கேள்விக்கு முழு வாக்கியத்தில் விடை தருகிறார். புரியவில்லை என்றால் மறுபடியும் சொல்கிறார். அவரிடம் முன்பிருந்த ஆழம் இல்லை என்று கூறிச் சிலர் வருவதை நிறுத்திக்கொண்டனர்.

அந்த ஆண்டு டிசம்பர் மாதம், அரையாண்டு விடுமுறையில், ரஞ்சனி பள்ளிச் சுற்றுலா சென்று வந்த கதையைச் சொன்னாள். நந்தகோபால் போனில் பதிவு செய்தார். ஏழு நிமிடங்கள். “குரங்குங்க வந்துச்சு” என்று அவள் ஓரிடத்தில் ஒருமையையும் பன்மையையும் மயக்கினாள். வேறு பிழைகளும் இருந்தன. அவர் எதையும் திருத்தவில்லை.

முடிந்ததும் ரஞ்சனி போனை வாங்கி, முழுவதையும் போட்டுக் கேட்டாள். மூன்று பிழைகளை அவளே கண்டுபிடித்தாள். தந்தை கைநீட்டுவதற்குள் அதை அழித்துவிட்டாள்.

“இப்பச் சரியாச் சொல்றேம்ப்பா. எடுங்க,” என்று நிமிர்ந்து அமர்ந்தாள்.

நந்தகோபால் எடுத்தார்.